கண்ணாடிக் கலத்தில் வேர்: ஒளியிலிருந்து வேரைக் காத்தலின் வரலாறு

கண்ணாடி, தெளிந்த நெகிழி போன்ற ஒளி ஊடுருவும் கலங்களில் செடி வளர்க்கும்போது அதன் வேர்ப்பகுதியில் வெளிச்சம் படாமல் மறைத்து வைப்பது தாவரவியல் ஆய்வுக்கூடங்களிலும் மண்ணில்லா வேளாண்மையிலும் பின்பற்றப்படும் அடிப்படை நடைமுறைகளுள் ஒன்றாகும். வேரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மனிதர் கண்ணாடியை நாடினர். ஆனால் பார்ப்பதற்குத் தேவையான அதே வெளிச்சம் வேரின் இயல்பை மாற்றியது. கரைசலில் பாசியை வளர்த்தது. இச்சிக்கலைத் தாவரவியலார் படிப்படியாக உணர்ந்து தீர்வு கண்ட வரலாறு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நீளமுடையது. வெயில் மிகுந்த செங்கல்பட்டு மாவட்டத்திலும் மாமல்லபுரம் கடற்கரையிலும் மாடித்தோட்டமோ நீர்வளர்ப்போ செய்ய முனைவோருக்கு இவ்வரலாறு நேரடிப் பயனுடையது.

மண்ணும் இருளும்

நிலத்தில் வளரும் செடியின் வேருக்கு இருளே இயல்பான சூழல். மண்ணின் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்திற்குள்ளேயே சூரிய ஒளியின் பெரும்பகுதி தடுக்கப்பட்டுவிடுகிறது. நீர்த்தாவரங்களிலும் பெரும்பாலானவை வேரைச் சேற்றில் புதைத்தே வைத்திருக்கின்றன. செங்கல்பட்டு என்னும் பெயர் செங்கழுநீர்ப்பட்டு என்பதிலிருந்து வந்தது என்று சொல்லப்படுவதுண்டு. அந்தச் செங்கழுநீரும் இலையையும் பூவையும் நீர்ப்பரப்பில் விரித்தாலும், கிழங்கையும் வேரையும் இருண்ட சேற்றிலேயே ஊன்றுகிறது.

இப்பகுதி உழவர் இருளின் தேவையைத் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். வடதமிழகத்தில் மல்லாட்டை, மணிலாக்கொட்டை என்றெல்லாம் வழங்கும் வேர்க்கடலையின் காய் உண்மையில் வேரில் காய்ப்பதன்று. பூ வாடியபின் அதன் அடியிலிருந்து ஊசி போன்ற காம்பு கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் இறங்குகிறது. மண்ணின் இருளை அடைந்த பிறகே அதன் நுனி பருத்துக் காயாகிறது. வெளிச்சத்தில் தொங்கும் ஊசி காயாவதில்லை. செடியைச் சுற்றி மண் அணைப்பதன் பயன்களுள் ஒன்று இது. கடலோர மணற்பாங்கில் பனங்கொட்டைகளை மண்மேட்டில் புதைத்துப் பனங்கிழங்கு எடுப்பதும் இருளில் வளர்க்கும் முறையே. மண்பானை, மண்தொட்டி ஆகியவற்றில் வளர்த்தவரைக்கும் வேரை ஒளியிலிருந்து காப்பது தனிச் சிக்கலாக எழவில்லை. கலம் கண்ணாடியானபோதுதான் அச்சிக்கல் பிறந்தது.

தொடக்ககாலச் சோதனைகள்

செடி எதை உண்டு வளர்கிறது என்ற கேள்விக்கு விடை தேடியபோது நீரில் செடி வளர்க்கும் முயற்சிகள் தொடங்கின. பிளெமிய அறிஞர் ஃபான் ஹெல்மோன்ட் 200 பவுண்டு உலர்மண் நிரப்பிய தொட்டியில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். மரம் 169 பவுண்டாக வளர்ந்தது. மண்ணின் எடை ஏறக்குறைய மாறவில்லை. மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டானது என்று அவர் முடிவு செய்தார். அவர் இறந்தபின் 1648-இல் இச்சோதனை அச்சில் வந்தது.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் உட்வர்டு 1699-இல் இம்முடிவை மறுத்தார். மழைநீர், ஊற்றுநீர், தேம்ஸ் ஆற்றுநீர் முதலிய பல வகை நீரைக் கண்ணாடிக் குப்பிகளில் எடுத்து அவற்றில் புதினா வகைச் செடிகளை வளர்த்தார். தூய நீரைவிட மண்பொருள் கலந்த நீரிலேயே செடி நன்கு வளர்ந்தது. எனவே, நீரோடு வரும் மண்பொருளும் செடிக்குத் தேவை என்று அவர் வாதிட்டார். ஐரோப்பிய வீடுகளில் பதினெட்டாம் நூற்றாண்டில் கண்ணாடிக் குவளைகளில் ஹயசிந்த் கிழங்கை வைத்துப் பூக்கச் செய்வது பரவலான பொழுதுபோக்காயிற்று. நீரைத் தொடும் அளவில் கிழங்கை வைத்து, வேர் இறங்கும்வரை குவளையை இருண்ட இடத்தில் வைப்பார்கள். வேர் நிறைந்த பிறகே சன்னலுக்குக் கொண்டுவருவார்கள். வேருக்கு முதலில் இருள் வேண்டும் என்பது அறிவியல் விளக்கம் பெறும் முன்பே இவ்வாறு வீட்டு வழக்கமாக நிலைபெற்றது.

வார்டு பெட்டியும் நீலகிரிக் கொயினாவும்

கண்ணாடிக்குள் செடி வளர்த்தலின் வரலாற்றில் லண்டன் மருத்துவர் நதேனியல் வார்டுக்குச் சிறப்பிடம் உண்டு. 1829-இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணுடன் ஒரு புட்டியில் மூடிவைத்த அவர், அம்மண்ணில் பெரணியும் புல்லும் முளைத்ததைக் கண்டார். மூடிய கலத்துக்குள் ஈரம் ஆவியாகி மீண்டும் படிந்து சுழல்வதால் செடி நீண்ட காலம் வாழ முடியும் என உணர்ந்து, செடிகளைக் கப்பலில் அனுப்புவதற்கான பெட்டியை வடிவமைத்தார். 1833-இல் இப்பெட்டிகளில் சிட்னிக்கு அனுப்பப்பட்ட செடிகள் உயிரோடு சென்று சேர்ந்தன. அதற்கு முன் கப்பலின் மேல்தளத்தில் கொண்டுசெல்லப்பட்ட செடிகளில் பெரும்பாலானவை உப்புக்காற்றிலும் நீர்ப்பற்றாக்குறையிலும் மடிந்தன.

வார்டு பெட்டியின் அமைப்பு கவனிக்கத்தக்கது. இலைகள் இருக்கும் மேற்பகுதி மட்டுமே கண்ணாடியால் ஆனது. மண்ணும் வேரும் இருக்கும் அடிப்பகுதி தடித்த மரப்பலகையால் ஆனது. உறுதிக்காக அமைந்த பலகை, வேருக்கு நிழலும் குளிர்ச்சியும் தந்தது. தென் அமெரிக்காவிலிருந்து மலேரியாவுக்கான மருந்து தரும் கொயினா மரக்கன்றுகள் நீலகிரிக்கு வந்தது இத்தகைய பெட்டிகளில்தான். கிளமெண்ட்ஸ் மார்க்கம் 1860-இல் கொண்டுவந்த முதல் தொகுதிக் கன்றுகள் பிழைக்கவில்லை. அதன்பின் 1861-இல் வந்த செம்பட்டைக் கொயினாக் கன்றுகள் உதகமண்டலத்தில் மெக்கைவரின் பராமரிப்பில் வேரூன்றின.

வேர் ஒளியை விலக்கும் இயல்பு

வேர் கீழ்நோக்கி வளர்வதற்கு ஈர்ப்புவிசையே காரணம் என்பதை ஆங்கிலேயத் தோட்டவியலார் தாமஸ் ஆண்ட்ரூ நைட் 1806-இல் சுழலும் சக்கரத்தில் விதைகளை முளைக்கவைத்துக் காட்டினார். வேர் ஒளிக்கும் எதிர்வினை ஆற்றுகிறதா என்பது அடுத்த கேள்வி. பிரெஞ்சுத் தாவரவியலார் பாயே 1843-இல் சில செடிகளின் வேர்கள் ஒளி வரும் திசைக்கு எதிராக வளைவதை விவரித்தார். இது பள்ளிப் பாடங்களில் எதிர் ஒளிச்சார்பசைவு எனப்படுகிறது. ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழும் கண்ணாடிக் கலத்தில் கடுகு முளைகளை வளர்த்தால் தண்டு ஒளியை நோக்கியும் வேர் ஒளியை விட்டு விலகியும் சாய்வதை மாணவர் எளிதில் காணலாம்.

சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸுடன் இணைந்து 1880-இல் வெளியிட்ட தாவர அசைவுகள் பற்றிய நூலில் வெண்கடுகின் வேரை ஆராய்ந்தார். ஒளியை உணர்வது வேரின் நுனி என்றும், வளைவது அதற்குச் சற்று மேலுள்ள பகுதி என்றும் அவர் கருதினார். ஒளியை உணர்ந்து விலகும் உறுப்பை ஒளியிலேயே வைத்து ஆராய்ந்தால் கிடைக்கும் விடை எவ்வளவு சரியானது என்ற ஐயத்திற்கு இக்கண்டுபிடிப்பிலேயே வித்து இருந்தது. ஆயினும், அந்த ஐயம் முழுமையாக ஆராயப்பட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

நீர்க்கரைசல் வளர்ப்பும் கறுப்புத் தாளும்

ஜெர்மானியத் தாவரவியலார் யூலியஸ் சாக்ஸ் 1860-இல், உப்புகள் கரைந்த நீரில் மண்ணே இல்லாமல் செடியை முதிரும்வரை வளர்க்கலாம் என நிறுவினார். அதே காலத்தில் வில்ஹெல்ம் நாப் வகுத்த ஊட்டக்கரைசல் நாப் கரைசல் என்ற பெயரில் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. எந்தத் தனிமம் குறைந்தால் எந்தக் குறைபாடு தோன்றும் என்பதை இம்முறையால் அறிய முடிந்தது. உர வேளாண்மையின் அறிவியல் அடித்தளம் இதில்தான் அமைந்தது.

இச்சோதனைகளுக்குக் கண்ணாடி உருளைகள் பயன்பட்டன. ஊட்டம் நிறைந்த நீரும் ஒளியும் சேர்ந்த இடத்தில் பாசி பெருகும். செடிக்கு ஊற்றிய நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பாசி எடுத்துக்கொண்டால், செடிக்குக் கிடைத்த அளவு எவ்வளவு என்ற கணக்கே தவறிவிடும். ஆகவே, கலத்தைச் சுற்றிக் கறுப்புத் தாள் அல்லது அட்டை உறையைப் பொருத்தி, பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் கழற்றும் வழக்கம் நிலைபெற்றது. சாக்ஸ் 1873-இல் விவரித்த வேர்ப்பெட்டியும் இத்தகையதே. அதன் ஒரு பக்கம் சாய்ந்த கண்ணாடி. கீழ்நோக்கி வளரும் வேர் கண்ணாடியை ஒட்டிப் படரும். பின்னாளில் இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் பழமரங்களின் வேரை ஆராய நிலத்தடியில் நடைபாதை அமைத்து, அதன் இருபுறமும் கண்ணாடிச் சன்னல்கள் வைத்தனர். பார்வையாளர் இல்லாத நேரத்தில் அவற்றை மூடியே வைத்தனர்.

பாசி ஆய்வில் சென்னையின் பங்கு

கலத்தில் படியும் பச்சைப் படலத்தைப் புரிந்துகொள்வதில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் மா. ஓ. பா. ஐயங்கார் (1886–1963) சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசி ஆய்வு மரபை உருவாக்கினார். 1932-இல் அவர் விவரித்த ஃபிரிட்ஷியெல்லா என்னும் பாசி ஈர மண்ணில் வாழ்வது. அதன் ஒரு பகுதி மண்ணுக்குள் படர்கிறது. மற்றொரு பகுதி மேலெழுந்து ஒளியைப் பெறுகிறது. ஒளிக்கு ஒரு பகுதி, இருளுக்கு ஒரு பகுதி என்னும் நிலத்தாவர அமைப்பின் சாயல் எளிய பாசியிலேயே காணப்படுவதால் இது உலகப் பாடநூல்களில் இடம்பெற்றது. இம்மரபில் வந்த தி. வே. தேசிகாச்சாரி 1959-இல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசிகள் பற்றிய நூல் இன்றும் இனங்காண உதவும் அடிப்படை நூலாக உள்ளது.

பாசி செடிக்கு நஞ்சு என்பதில்லை. அது ஊட்டத்தில் பங்கு கேட்கிறது. பகலில் கரைசலிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் காரத்தன்மையை உயர்த்துகிறது. அதனால் இரும்பு முதலிய நுண்ணூட்டங்கள் வேருக்குக் கிட்டுவது குறைகிறது. இரவில் அதுவே உயிர்வளியை உட்கொள்கிறது. பாசி மடிந்து அழுகும்போது உயிர்வளி மேலும் குறைந்து, வேரழுகலுக்கு வழி ஏற்படுகிறது.

மண்ணில்லா வேளாண்மையும் வங்காள முறையும்

ஆய்வுக்கூட முறையைப் பயிர்த்தொழிலாக்க முனைந்தவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கெரிக். 1929-இல் தம் முயற்சியை வெளிப்படுத்திய அவர், 1937-இல் ஹைட்ரோபோனிக்ஸ் என்ற சொல்லைப் பரப்பினார். அவருடைய தொட்டிகளின் மேல் கம்பிவலை விரித்து, அதன்மேல் மரச்சீவல் போன்ற பொருள்களைப் பரப்பிச் செடி நடப்பட்டது. அப்படுகை செடியைத் தாங்கியதோடு கரைசலை இருளிலும் வைத்தது. அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லாண்டும் ஆர்னனும் 1938-இல் வெளியிட்ட கையேடு நீர்வளர்ப்பு முறையை உலகெங்கும் கொண்டுசென்றது.

இந்தியாவில் இம்முறையை எளிமையாக்கியவர் ஷோல்டோ டக்ளஸ். 1946 முதல் வங்காளத்தின் கலிம்பொங் பகுதியில் அவர் செய்த சோதனைகளின் விளைவு 1951-இல் வங்காள முறை என்ற பெயரில் நூலானது. விலை மிகுந்த கருவிகள் இல்லாமல், கல்பொடியும் மணலும் கலந்த படுகையில் ஊட்ட உப்புகளைத் தூவி நீர் தெளிப்பது அதன் சாரம். வேர் கல்லுக்கும் மணலுக்கும் இடையே இருப்பதால் ஒளியைத் தடுக்கத் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. 1970-களில் இங்கிலாந்தின் ஆலன் கூப்பர் பரப்பிய மென்படல நீரோட்ட முறையில் நெகிழித்தாளை வாய்க்கால் போல மடித்து அதில் வேரை வைத்தனர். அதற்குப் பயன்பட்ட தாளின் உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் வெள்ளை. கறுப்பு ஒளியைத் தடுத்தது. வெள்ளை வெப்பத்தைத் திருப்பி அனுப்பியது. இன்று சந்தையில் கிடைக்கும் வளர்ப்புப் பைகளிலும் இவ்விரு நிற அமைப்பையே காணலாம்.

செங்கல்பட்டு – மாமல்லபுரம் கரையில்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சைதாப்பேட்டையில் 1865-இல் சோதனைப் பண்ணை தொடங்கப்பட்டது. அங்கு உருவான வேளாண் பள்ளியே 1906-இல் கோயம்புத்தூருக்கு மாறி, இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு முன்னோடியாயிற்று. தென்னிந்தியாவில் வேளாண்மையைப் பாடமாகக் கற்பிக்கும் மரபு இம்மண்ணில்தான் தொடங்கியது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது.

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகச் செல்லும் இக்கரையில், கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையிலுள்ள மணற்பகுதியில் மழைநீர் ஊறி நன்னீராகத் தங்குகிறது. அதை அளவுக்கு மீறி எடுத்தால் உவர்நீர் ஏறிவிடும். குறைந்த நீரில், மண்ணின் உவர்ப்பைச் சாராமல் கீரையும் காய்கறியும் விளைவிக்கும் முறைகளுக்கு இங்கே உண்மையான தேவை இருக்கிறது. தமிழகத் தோட்டக்கலைத் துறை 2013-ஆம் ஆண்டையொட்டிச் சென்னை, கோயம்புத்தூர் நகரங்களில் மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கியபோது, தென்னை நார்க்கழிவு நிரப்பிய ஒளிபுகாப் பைகளே அவற்றில் இடம்பெற்றன.

ஐரோப்பியக் கையேடுகளை அப்படியே பின்பற்றுவோர் இங்கே ஏமாறுவதற்குக் காரணம் வெயில். செங்கல்பட்டு ஏறத்தாழ 12.7 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் இறுதி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. கத்திரி வெயிலில் பகல் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். தெளிந்த புட்டியோ கண்ணாடிக் குவளையோ அவ்வெயிலில் நின்றால் ஒளியோடு வெப்பமும் உள்ளே சிறைப்படும். 20 பாகை வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகக் குறையும். 35 பாகையில் சுமார் 7 மில்லிகிராமே. வெப்பம் ஏறும்போது வேர் சுவாசிக்கத் தேவையான உயிர்வளி கூடுகிறது. நீரிலோ அது குறைகிறது. எனவே, இக்கரையில் வேரை மறைப்பது என்பது ஒளியைத் தடுப்பதோடு நின்றுவிடாமல் வெப்பத்தைத் தடுப்பதாகவும் அமைய வேண்டும். கறுப்பு வண்ணம் மட்டும் பூசிய புட்டி ஒளியைத் தடுக்கும்; ஆனால் வெப்பத்தை ஈர்த்து வேரை வேகவைத்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் எழுந்த ஐயம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அராபிடாப்சிஸ் என்னும் சிறு கடுகினச் செடி மரபியல் ஆய்வின் முதன்மைச் செடியாயிற்று. அதன் நாற்றுகளைத் தெளிந்த பெட்ரி தட்டுகளில் அகார் கூழின்மேல் வளர்த்து, தட்டைச் செங்குத்தாக நிறுத்தி, வேரின் நீளத்தை அளப்பது எளிது. உலகெங்கும் வேர் பற்றிய எண்ணற்ற முடிவுகள் இப்படி, வேரிலும் வெளிச்சம் படும் நிலையில் எடுக்கப்பட்டன.

வேரில் நீல ஒளியை உணரும் ஏற்பிகள் உள்ளன என்பது அதற்குள் தெரிந்திருந்தது. 2011-இல் ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர், சில நொடி வெளிச்சமே வேர்நுனியில் வினைத்திறன் மிக்க உயிர்வளிச் சேர்மங்களைப் பெருகச் செய்வதைக் காட்டினர். அது செடி நெருக்கடிக்கு உள்ளானதன் அடையாளம். 2015-இல் ஸ்பெயின் ஆய்வாளர், இலைப்பகுதிக்கு வெளிச்சமும் வேர்ப்பகுதிக்கு இருளும் தரும் தட்டு அமைப்பை வெளியிட்டனர். ஒளிபட்ட வேர்களின் நீளம் குறைவாக இருந்தது. பக்கவேர்கள் முன்கூட்டியே தோன்றின. ஹார்மோன்களுக்கும் ஊட்டக்குறைவுக்கும் அவை காட்டிய எதிர்வினையும் மாறுபட்டது. பல்லாண்டுகளாகச் செடியின் இயல்பு என எழுதப்பட்டவற்றில் எவை வெளிச்சத்தின் விளைவு எனப் பிரித்தறியும் பணி அதன்பின் தொடங்கியது. 2016-இல் வந்த மற்றோர் ஆய்வு, தண்டின் வழியாகவே ஒளியின் சிறுபகுதி மண்ணுக்குள் உள்ள வேரை அடைந்து அங்குள்ள ஏற்பியைத் தூண்டுகிறது என்றது. ஆக, இருளில் உள்ள வேரும் ஒளியை ஓரளவு அறிந்தே வளர்கிறது.

விதிவிலக்குகள்

எல்லா வேர்களும் ஒளியை வெறுப்பன அல்ல. ஆலமர விழுதுகள் வெளிச்சத்தில் தொங்கியே மண்ணை அடைகின்றன. மரத்தில் தொற்றி வாழும் ஆர்க்கிடுகளின் வேர்கள் வெண்ணிறப் பஞ்சுத்திசுவால் மூடப்பட்டவை. நனைந்ததும் அவை பச்சையாகத் தெரியும். ஃபலனாப்சிஸ் போன்றவற்றின் வேர் ஒளிச்சேர்க்கையும் செய்வதால் அவற்றைத் தெளிந்த தொட்டிகளில் வளர்க்கும் வழக்கம் உண்டு. வாண்டா வகைகளை வேர் வெளியே தொங்க மரக்கூடைகளில் வளர்க்கின்றனர். மணி பிளான்ட் கண்ணாடிப் புட்டியில் பல மாதங்கள் தாக்குப்பிடிப்பதற்கும், இயல்பிலேயே காற்றில் வேர்விடும் கொடி அது என்பது ஒரு காரணம். இவற்றைக் கண்டு தக்காளியும் கீரையும் அப்படியே வளரும் என முடிவு செய்வது பொருந்தாது.

காக்கும் முறைகள்

நடைமுறையில் நிலைபெற்றுள்ள முறைகள் எளியவை. கலத்தின் வெளிப்புறத்தில் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை வண்ணம் பூசலாம். பார்வைக்காக மெல்லிய செங்குத்துக் கோட்டளவு இடம் விட்டு, அதைக் கழற்றக்கூடிய ஒட்டுத்தாளால் மூடினால் நீர்மட்டத்தையும் வேரையும் தேவையானபோது காணலாம். கறுப்புத் துணி அல்லது தடித்த தாளால் உறை தைத்து, அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றுவது பள்ளிச் சோதனைகளுக்கு ஏற்றது. தெளிந்த கலத்தை மண்தொட்டிக்குள் இறக்கி வைத்தால் இருளும் குளிர்ச்சியும் ஒருங்கே கிடைக்கும். ஈரமான மண்தொட்டியின் சுவரில் நீர் ஆவியாவதால் வெப்பம் தணியும். கலத்தின் வாயையும் செடித் தண்டைச் சுற்றிய இடைவெளியையும் மூடுவது இன்றியமையாதது. அது மேலிருந்து வரும் ஒளியைத் தடுப்பதோடு கொசு முட்டையிடுவதையும் தடுக்கும்.

ஊட்டக்கரைசலைச் சேமித்து வைக்கும் புட்டியும் ஒளிபுகாததாக இருக்க வேண்டும். இரும்புச்சத்தைக் கரைந்த நிலையில் பிடித்து வைத்திருக்கும் இ.டி.டி.ஏ. போன்ற சேர்மம் ஒளியில் சிதைவதால், வேருக்குச் சேரும் முன்பே இரும்பு வீழ்படிந்துவிடும். பாசி பிடித்த கலத்தில் கரைசலை மட்டும் மாற்றினால் போதாது. கலத்தைக் கழுவி, ஒளி புகுந்த இடத்தைக் கண்டு அடைக்காவிடில் சில நாள்களில் பச்சை திரும்பிவிடும்.